செய்தவர் ஏறிப் பார்த்தாரா?

ஒரு பொருளை நம்பி இன்னொருவர் உயிரை வைக்கப் போகிறார் என்றால், அதைச் செய்தவர் முதலில் தன் உயிரை அதில் வைத்துக் காட்ட வேண்டுமா? கேட்டவுடன் “ஆமா, பின்னே?” என்றுதான் சொல்லத் தோன்றும். சமைத்தவர் முதல் வாய் சாப்பிட வேண்டும், பாலம் கட்டிய இன்ஜினியர் முதல் லாரி போகும்போது அடியில் நிற்க வேண்டும் என்கிற மாதிரிக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காரணம் ஒரு மர விமானமும் ஒரு மிளகு ஏணியும்.

கொல்லிமலையில் மொத்தம் 14 நாடுகள். நாடு என்றால் இங்கே ஊராட்சி. வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று போகும். அதில் ஒன்று எடப்புளி நாடு. காரவள்ளியில் ஆரம்பிக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே வந்தால் சில்வர் ஓக் மரங்களும் அவற்றைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடியும்தான் எங்கும். மலை விளிம்பில் நின்றால் கீழே வட்டமிடும் பருந்தின் முதுகு தெரியும். அப்பாவின் நண்பர் ஒருவர், உறவு இல்லை என்றாலும் எனக்கு மாமா, மின்வாரியத்தில் ஓய்வு பெற்றபின் இங்கே ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இந்த வயதில் மரவேலை கற்றுக்கொண்டிருக்கிறார். அவருக்கு 70 ஆகிறது. கற்றுக்கொடுப்பவர் பக்கத்து ஊர்க்காரர். இளவயதில் கீழே சேந்தமங்கலத்தில் ஒரு பட்டறையில் தொழில் பழகியவர். மாமா அவரை மேஸ்திரி என்பார், அவர் மாமாவை சார் என்பார். யார் குரு யார் சிஷ்யன் என்று வெளியாள் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

நான் போயிருந்த ஒரு சனிக்கிழமை, பலாப் பலகை ஒன்றை இழைத்துக்கொண்டே மாமா தன் பழைய கதையை எடுத்தார். எழுபதுகளில் கல்லூரியில் என்சிசி விமானப் பிரிவில் இருந்தவர். ரோகிணி கிளைடரில் பறந்திருக்கிறார். ரோகிணி நம் நாட்டிலேயே வடிவமைத்தது. சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம் உருவாக்கி, 1961-ல் முதலில் பறந்தது. பிறகு 100-க்கும் மேல் செய்தார்கள். இன்ஜின் கிடையாது. ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இரண்டு இருக்கை. மரச் சட்டம், மெல்லிய பிளைவுட், மேலே துணி. துணிமேல் டோப் என்று ஒரு பூச்சு அடிப்பார்கள். காய்ந்ததும் அது மத்தளத் தோல் மாதிரி இறுகிவிடும்.

“வின்ச் இழுக்கும்போது முதுகு சீட்டோட ஒட்டிக்கும். மேல போனதும் கம்பியக் கழட்டி விடணும். டக்னு ஒரு சத்தம். அப்புறம் காத்து மட்டும்தான்” என்றார் மாமா. இதைச் சொல்லும்போது இழைப்புளி நின்றுவிட்டது. அந்த டக் சத்தத்துக்காகவே அவர் இந்தக் கதையைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். நான் இதை ஐந்தாறு முறையாவது கேட்டிருப்பேன்.

மேஸ்திரிக்குக் காற்றில் ஆர்வம் இல்லை.

“றெக்கை எத்தனை அடிங்க சார்?”

“அம்பது அடிக்கு மேல இருக்கும்.”

“அம்பதடிக்கு ஒத்த மரம் கெடைக்காதுங்களே. எங்க சேத்தாங்க?”

மாமாவுக்குத் தெரியவில்லை. பொதுவாக மர விமானங்களில் இரண்டு கட்டைகளின் முனைகளையும் நீளமாகச் சாய்த்துச் சீவி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஒட்டுவார்கள். சாய்வு எவ்வளவு நீளமோ அவ்வளவு பசைப் பரப்பு. அதை நான் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு மாமா, “அதெல்லாம் யார் பாத்தா, ஏறி உக்காரச் சொன்னாங்க, உக்காந்தோம்” என்றார். மேஸ்திரி கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டார்:

“செஞ்ச ஆசாரி ஏறிப் பாத்தாருங்களா?”

ஒரே விமானத்தைப் பற்றித்தான் இருவரும் பேசினார்கள். ஒருவருக்கு அது காற்று, இன்னொருவருக்கு அது மூட்டு. ஏறியவரின் நினைவில் செய்தவர் இல்லவே இல்லை. அது தவறு என்று சொல்ல வரவில்லை. லிப்டில் ஏறும்போது நாம் யாரும் அதன் கம்பியை முறுக்கியவரை நினைப்பதில்லை. நினைத்தால் ஏறவே முடியாது.

மேஸ்திரி அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவர் மிளகு பறிக்க ஏணி செய்து கொடுப்பவர். இரண்டு நீள மூங்கில், நடுவில் துளையிட்டு இறுக்கிய குறுக்குக் கட்டைகள். சில்வர் ஓக் நெடுநெடுவென்று வளரும், கொடியும் அதோடு போகும். பறிக்கிறவர் 20, 25 அடி மேலே நின்று இரண்டு கையாலும் வேலை செய்ய வேண்டும். ஆகவே அவருக்கு ஒரு விதி: புது ஏணியில் முதலில் அவர்தான் ஏறுவார். கடைசிக் கட்டை வரை போய், அங்கே நின்று ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் இறங்கிக் காசு வாங்குவார்.

அப்படி அவர் ஏறிக் கொடுத்த ஏணியிலிருந்து மூன்றாம் வருடம் ஒருவர் விழுந்தார். உயிர் போகவில்லை, இடுப்பு போய்விட்டது. ஊரில் பாதிப் பேர் மேஸ்திரியின் கட்டை கழன்றுவிட்டது என்றார்கள். மீதிப் பேர், அவர்மேல் பிரியம் உள்ளவர்கள், “மழையில ஊறுன ஏணி, அவரென்ன பண்ணுவாரு” என்றார்கள். மேஸ்திரி அந்த உடைந்த ஏணியைக் கேட்டு வாங்கி வந்து, ஒவ்வொரு துளையாக அறுத்துப் பார்த்தார். கட்டைகள் அத்தனையும் இறுக்கமாக இருந்தன. ஒரு மூங்கில், வெளியே பளபளவென்று இருந்தது, உள்ளே உளுத்துப் போயிருந்தது.

“நம்ம வேல தப்பில்லன்னு தெரிஞ்சுதுங்களா?” என்று நான் கேட்டேன்.

“அது அறுத்ததுக்கு அப்புறம் தம்பி. அறுக்கற வரைக்கும் நான்தான்னும் சொல்ல முடியாது, நான் இல்லன்னும் சொல்ல முடியாது. மழை மேல போட்டுட்டு இருந்திருக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க.”

இப்போதும் அவர் புது ஏணியில் ஏறிப் பார்க்கிறார். ஆனால் வருடா வருடம் சீசனுக்கு முன்னால் தான் விற்ற ஏணிகளைத் தேடிப் போய்த் தட்டிப் பார்க்கிறார். உளுத்த மூங்கில் வேறு சத்தம் கொடுக்குமாம். இதற்குக் காசு வாங்குவதில்லை. சில வீடுகளில் டீ.

மேஸ்திரியின் கேள்விக்கு மாமாவிடம் பதில் இல்லை. என்னிடம் பாதிப் பதில் இருந்தது, ரோகிணிக்கு அல்ல, அதற்கு 50 வருடம் முந்தைய ஒரு விமானத்துக்கு. 1910-ல் சென்னையில் ஒரு விமானம் செய்தார்கள். மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ் என்பவருக்கு, முந்தைய வருடம் ப்ளெரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியிலிருந்து பறக்கும் பைத்தியம் பிடித்தது. தானே ஒரு விமானத்தை வரைந்து, அதைச் செய்து தரச் சொல்லி சிம்ப்சன் கம்பெனியிடம் போனார். சிம்ப்சன் 1840-ல் தொடங்கிய நிறுவனம். குதிரைச் சேணத்தில் ஆரம்பித்து, குதிரை வண்டிகள் கட்டிப் பேர் வாங்கியவர்கள். ஆக, சென்னையின் முதல் விமானம் வண்டிப் பட்டறையில் உருவானது. பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, மார்ச் மாதம் தீவுத்திடலில் டிக்கெட் போட்டு மக்களுக்குப் பறந்து காட்டினார். அலகாபாத்தில் ஹென்றி பெக்கே 6,000-க்கும் மேற்பட்ட கடிதங்களோடு பறந்த, உலகின் முதல் விமானத் தபால் என்று நாம் ஸ்டாம்ப் ஒட்டிக் கொண்டாடும் அந்த நாள் 1911 பிப்ரவரி 18. அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே இது நடந்துவிட்டது.

வரைந்தவர் ஏறினார். சரி. இழைத்தவர்கள்? சென்னையின் கதைகளில் ஹோட்டல்காரர் பெயர் இருக்கிறது, கம்பெனியின் பெயர் இருக்கிறது. சக்கரத்துக்கு ஆரம் வைத்துப் பழகிய கையால் இறக்கைக்குச் சட்டம் வைத்தவர்களின் பெயர் இல்லை. அன்று தீவுத்திடலில் அவர்கள் கூட்டத்தோடு நின்று அண்ணாந்து பார்த்திருந்தால், மற்றவர்கள் பார்த்த இடத்தையா பார்த்திருப்பார்கள்? எனக்கென்னவோ அவர்கள் கண் ஏதோ ஒரு குறிப்பிட்ட மூட்டின் மேலேயே இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

நான் மென்பொருள் எழுதுகிறவன். இந்தக் கேள்வி எங்கள் தொழிலில் வேறு வேஷத்தில் எப்போதும் உண்டு. நீ எழுதியதை நீயே பயன்படுத்து என்பார்கள். ரிலீஸ் அன்று ராத்திரி போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கு என்பார்கள். செய்கிறவனுக்கு வலித்தால்தான் ஒழுங்காகச் செய்வான் என்ற நம்பிக்கை இது. பழைய நம்பிக்கைதான். ஏறக்குறைய 3,750 வருடங்களுக்கு முன் ஹம்முராபியின் சட்டத்தில் 229-ஆவது விதி: கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரர் செத்தால், கட்டியவரைக் கொல்ல வேண்டும். இதை மேற்கோள் காட்டாத மேனேஜ்மென்ட் புத்தகம் குறைவு. அடுத்த விதியை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை: வீட்டுக்காரரின் மகன் செத்தால், கட்டியவரின் மகனைக் கொல்ல வேண்டும்.

இங்கேதான் எனக்கு மாஸ்கிட்டோ விமானத்தின் கதை குறுக்கே வருகிறது.

இரண்டாம் உலகப் போரில் அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு. பிரிட்டனின் டி ஹாவிலாண்ட் கம்பெனி, மரத்திலேயே ஒரு போர் விமானம் செய்கிறோம் என்றது. பர்ச் மரத்தின் மெல்லிய பிளைவுட் இரண்டு அடுக்கு, நடுவில் தக்கை போல எடை குறைந்த பால்சா மரம், எல்லாம் பசையால் ஒட்டியது. நாற்காலி மேசை செய்தவர்களும் பியானோ செய்தவர்களும் அதன் பாகங்களைச் செய்தார்கள். மொத்தம் 7,781 விமானங்கள். ஆரம்பத்தில் பயன்படுத்திய பசை கேசீன், அதாவது பாலில் இருந்து எடுக்கும் புரதம். (மேஸ்திரியிடம் இதைச் சொன்னபோது, “பாலுலயா?” என்று கேட்டுவிட்டு அன்று முழுக்கச் சிரித்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் வச்சிரமும் பெவிகாலும்தான்.)

1944 நவம்பர் வாக்கில் இந்தியா, பர்மா பக்கம் பறந்த மாஸ்கிட்டோக்கள் சில, வானத்திலேயே இறக்கை பிய்ந்து விழுந்தன. விசாரிக்க இங்கிலாந்திலிருந்து ஹெரவார்ட் டி ஹாவிலாண்ட் தலைமையில் ஒரு குழு வந்தது. டிசம்பர் ஆரம்பத்தில் அறிக்கை கொடுத்தார்கள்: பசை கெட்டுப் போனது காரணம் இல்லை, பருவமழைக் காலத்தில் மரம் சுருங்கியதுதான் காரணம். சுருக்கமாகச் சொன்னால், உங்கள் ஊர் மழை.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர்கூட உண்டு. “என் மெஷின்ல ஓடுதே.”

பிறகு நடந்த விசாரணைகள் வேறு மாதிரி முடிந்தன. இங்கிலாந்தில் டெஃபோர்டில் மாஸ்கிட்டோவின் வெவ்வேறு ரகங்களை எடுத்துச் சோதித்தார்கள். அவை ஹாட்ஃபீல்டு, லீவ்ஸ்டன் தொழிற்சாலைகளில் செய்தவை. ஒரு பருவமழையைக்கூடப் பார்க்காதவை. அவற்றிலும் அதே மாதிரிக் குறைகள் இருந்தன. ஒட்டிய தரம் சரியில்லை, தவறு செய்த இடத்தில்தான் நடந்திருக்கிறது என்று முடிவானது. அதற்குள் அந்த விமானங்களில் போனவர்கள் போய்விட்டார்கள்.

இதுவரை இது பழக்கமான கதை. கம்பெனி தப்பு செய்தது, மழை மேல் பழி போட்டது, ஏறாத முதலாளி ஏறியவனைக் கொன்றான். நானும் இப்படித்தான் இதைச் சொல்ல விரும்பினேன். ஆனால் அந்தக் குடும்பம் ஏறாத குடும்பம் இல்லை. 1940 நவம்பர் 25 அன்று முதல் மாஸ்கிட்டோவை முதன்முதலில் ஓட்டிப் பார்த்தது, கம்பெனியை நிறுவியவரின் மகன் ஜெஃப்ரி. இன்னொரு மகன் ஜான், 1943 ஆகஸ்டில் இரண்டு மாஸ்கிட்டோக்கள் வானில் மோதி இறந்தான். 1946 செப்டம்பரில் ஜெஃப்ரியும், கம்பெனியின் வேறொரு சோதனை விமானம் வானில் உடைந்து இறந்தார். விசாரிக்க இந்தியா வந்த ஹெரவார்ட், அந்தத் தகப்பனின் சொந்தத் தம்பி. முதல் உலகப் போரில் விமானியாக இருந்தவர். ஹம்முராபியின் 230-ஆவது விதி கேட்ட விலையை, எந்தச் சட்டமும் கேட்காமலேயே கொடுத்த வீடு அது. தங்கள் விமானத்தில் தங்கள் பிள்ளைகளை ஏற்றியவர்கள்தான் மழை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நம்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தன் உடம்பை வைத்தவருக்கு அந்தப் பொருள்மேல் ஒரு பற்று வந்துவிடுகிறது. என் பிள்ளை ஓட்டிய விமானம், அது எப்படித் தப்பாகும்? உயிரைப் பணயம் வைப்பது ஒருவரின் மனசு சுத்தம் என்று காட்டும். மூட்டு சுத்தமா என்று காட்டாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஜெஃப்ரி ஓட்டியது முதல் விமானம். அதைச் செய்தவர்கள், யார் ஏறப் போகிறார் என்று தெரிந்து செய்தார்கள். இறக்கை பிய்ந்தவை, பல ஆயிரங்களில் எங்கோ நடுவில் வந்தவை. போர்க்கால அவசரத்தில், யார் என்றே தெரியாத ஒருவருக்காகச் செய்தவை. டெமோவுக்குத் தயாரித்ததும் பத்தாயிரம் பேருக்கு அனுப்பியதும் ஒரே பொருள் இல்லை என்பது எங்கள் துறையில் ஆறு மாதம் வேலை பார்த்தவர்களுக்கும் தெரியும். அமெரிக்க ராணுவத்தில் பாராசூட் மடிக்கிறவர்களுக்கு ஒரு மரபு உண்டு: தான் மடித்ததில் எந்த ஒன்றை நீட்டி “இதோடு குதி” என்றாலும் குதிக்கத் தயாராக இருக்க வேண்டும். அதில் இருக்கும் புத்திசாலித்தனம் குதிப்பதில் இல்லை. எந்த ஒன்று என்று அவருக்கு முன்கூட்டியே தெரியாது, அங்கேதான் இருக்கிறது. நமக்கென்று ஒன்றைத் தனியாகப் பார்த்துப் பார்த்து மடிக்க வழியில்லை.

ஆனால் எல்லாப் பொருளிலும் குதித்துப் பார்க்க முடியாது. போயிங் 737 மேக்ஸில் மூக்கைத் தானாகக் கீழே தள்ளிய மென்பொருள், ஒரே ஒரு சென்சாரின் பேச்சை நம்பியது. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள். அதை எழுதியவர்கள் நூறு முறை அதில் பறந்திருந்தாலும், அந்தச் சென்சார் அந்த நூறு முறையும் ஒழுங்காக இருந்திருந்தால், அவர்கள் பத்திரமாக இறங்கி வந்து “ஏறிப் பார்த்துட்டோம்” என்றிருப்பார்கள். மேஸ்திரி உச்சிக் கட்டையில் நின்று குலுக்கிய அன்று அந்த மூங்கில் நன்றாகத்தான் இருந்தது.

ஹம்முராபியில் யாரும் மேற்கோள் காட்டாத இன்னொரு விதி இருக்கிறது, 235. படகு கட்டுகிறவர் இடுக்கு அடைத்துக் கொடுத்த படகு அந்த வருடமே ஒழுகினால், அவர் தன் செலவில் அதைப் பிரித்து, மறுபடி உறுதியாகக் கட்டித் தர வேண்டும். யாரையும் கொல்லச் சொல்லவில்லை. அதனாலோ என்னவோ புகழ் பெறவில்லை. எனக்கு அதில் பிடித்த சொல், பிரித்து. மர விமானம் செய்பவர்களிடமும் இது வேறு உருவத்தில் இருந்தது. ஒட்டும் மரத்திலேயே சில துண்டுகளை அதே பசையால் ஒட்டி வைத்து, காய்ந்ததும் வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பார்கள். உடையும்போது மரம் கிழிந்தால் பசை பிடித்திருக்கிறது. பசைக்கோட்டிலேயே வழவழவென்று பிரிந்தால், அன்று ஒட்டிய எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும். இறக்கையை மூடிவிட்டால் உள்ளே இருக்கும் மூட்டைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. மேஸ்திரிக்கு இது புதிதில்லை. “நாங்களும் துண்டுக் கட்டைய ஒட்டி ஒடச்சுதான் பாப்போம், நல்ல பசைன்னா மரந்தான் பேக்கும்” என்றார், இதிலென்ன அதிசயம் என்பது போல.

ஏறிப் பார்ப்பதைவிட உடைத்துப் பார்ப்பது கஷ்டம். ஏறுவதில் ஒரு வீரம் இருக்கிறது, நாலு பேர் பார்ப்பார்கள். உடைப்பதில் அது இல்லை. உள்ளே நம் தப்பு இருக்கலாம். அல்லது மேஸ்திரிக்கு நடந்தது போல நம் தப்பு இல்லாமல்கூட இருக்கலாம், ஆனால் அறுப்பதற்கு முன் அது தெரியாது. அதற்குள் மழை என்று ஒரு பதில் தயாராக வந்து நிற்கிறது, நம்மேல் பிரியம் உள்ளவர்களின் வாயிலிருந்தே.

இதை இவ்வளவு தூரம் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் வேலை பார்க்கும் இடத்தின் பெயர் வேண்டாம். மருந்துகளைக் குளிரில் வைக்கும் கிடங்குகளில் வெப்பநிலை ஏறினால் அலாரம் அடிக்க வைக்கும் மென்பொருள் செய்கிறோம். சில மாதங்களுக்கு முன் ஒரு கிடங்கில், ஒரு ராத்திரி, வெப்பநிலை ஏறியது, அலாரம் அடிக்கவில்லை. மருந்து முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. காலையில் ஒருவர் கவனித்ததால் அது யார் உடம்புக்கும் போகவில்லை. அறிக்கை இரண்டே பக்கம். அன்று அங்கே கனமழை, நெட்வொர்க் துண்டிப்பு, ஆகவே செய்தி போய்ச் சேரவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். அந்த ஊரில் அன்று மழை பெய்தது, நான் பார்த்தேன்.

அந்தப் பகுதி நான் எழுதியது இல்லை. எழுதிய பையன் கெட்டிக்காரன், அவன்மேல் எல்லோருக்கும் பிரியம், எனக்கும்தான். போன வாரம் அவனிடமே கேட்டேன், அந்த ராத்திரியின் லாக்குகளை ஒரு தடவை வரி வரியாகப் பார்க்கலாமா என்று. “முடிஞ்சுபோன விஷயம்ணா, எதுக்கு?” என்றான். கிடங்கை நிர்வகிக்கும் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். அவர்கள் அனுமதி கொடுத்தால்தான் திறக்க முடியும். பழைய லாக்குகளை 90 நாட்கள் வைத்திருந்துவிட்டு சர்வர் தானாக அழித்துவிடும். இன்று 71-ஆவது நாள்.